நாலாவதாக வந்தவன்

முத்துநாயகம் சாருக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, நாற்பத்து நான்கு வயதில் ஒரு பல்கூட ஆடவில்லை. குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் மனைவி ஓமனாவின் பங்காக வந்த அரை ஏக்கர் ரப்பர். ஊரில் பார்த்தவர்களெல்லாம் குறையில்லாத மனுஷன் என்பார்கள். ஆனால் அவருக்கு ஒரு வியாதி இருந்தது. அதன் பெயர் மரியஜான்.

இந்த வியாதி 2004 ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆசிரியர் அறையில் கிடந்த பத்திரிகை வழியாக அவரைப் பிடித்தது. அரைப் பக்கத்துக்கு ஒரு போட்டோ. வழுக்கைத் தலையும் குறுந்தாடியுமாக ஒருவன் ஏதோ இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். மணக்குடியில் பிறந்து ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும் மரியஜான், குவாண்டம் கணினிக்கு வழி திறந்த முன்னோடிகளில் ஒருவர் என்று கீழே போட்டிருந்தது. நாம் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்விட்ச் போட்டிருக்கும், இல்லையென்றால் அணைந்திருக்கும். மரியஜானுடைய ஸ்விட்ச் ஒரே ஓர் அணு. காற்றைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்த ஒரு பெட்டிக்குள், எதையும் தொடாமல், மின்புலத்தில் அந்தரத்தில் நிற்கும். லேசரால் அதைத் தட்டினால் போட்டதும் அணைந்ததும் கலந்த ஒரு நிலையில் இருக்கும். அப்படி இரண்டு அணுக்களைப் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றைத் தொட்டால் மற்றதும் பதில் சொல்லும்படி பிணைத்துக் காட்டிய முதல் சிலரில் இவனும் ஒருவன்.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார். “முத்துநாயகம் சாரே, இந்த ஆளு ஒங்க செட்டு இல்லியா?”

“ஆமா. எனக்க கூடப் படிச்சவன்தான்,” என்றார் முத்துநாயகம். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். “கிளாஸ்ல நாலாவது வந்தான்.”

அன்றிலிருந்து இந்த ‘நாலாவது’ அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. பால்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம், யார் அந்தப் பேச்சை எடுத்தாலும் நாலாவது. எடுக்காவிட்டால் அவரே எடுத்து நாலாவது. முதலாவது வந்தது யார் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார். உலகம் அவ்வளவு தயவுள்ளது அல்ல. ஒருத்தரும் கேட்கவில்லை.

முதலாவது வந்தது அவர்தான். அதில் பொய்யில்லை. 1978-இல் இருவரும் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தார்கள். பெயரின் முதலெழுத்துப்படி பதிவெண் போட்டதில் மரியஜானுக்கு அடுத்தது முத்துநாயகம். அடுத்தடுத்த பதிவெண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசை. மூன்று வருடம் ஒரே ஸ்குரூ கேஜ், ஒரே ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒரு டப்பாச் சோற்றில் இரண்டு கை. முத்துநாயகத்தின் ரெக்கார்டு நோட்டைப் பேராசிரியர்கள் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள். மரியஜானின் நோட்டை யாருக்கும் காட்ட முடியாது. அதில் மீன்குழம்பு இருக்கும்.

அவனுக்கு ஒரு தீராத கோளாறும் இருந்தது. கம்பியின் தடிமனை அளக்கிற ஸ்குரூ கேஜின் இரண்டு முனைகளும் ஒட்டியிருக்கும்போது அது பூஜ்யம் காட்டவேண்டும். பழைய கருவி, கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அந்தக் கூடுதலைக் கடைசியில் கழித்துவிட வேண்டும். இதற்கு ஜீரோ கரெக்‌ஷன் என்று பெயர். மரியஜான் கழிக்கவேண்டியதைக் கூட்டுவான். மூன்று வருடமும் கூட்டினான்.

“ஏலே, கழிக்கணும்லே.”

“கழிச்சேன்லா மக்கா.”

“கூட்டி வச்சிருக்க. இஞ்ச பாரு.”

“ஆமா, என்ன,” என்று சிரித்துவிட்டு அழிப்பான்.

படிப்பு முடிந்ததும் முத்துநாயகத்தின் அப்பா பி.எட். என்றார். இவரும் சந்தோஷமாகத்தான் போனார். இருபத்து மூன்று வயதில் அரசு வேலை, தபால் வழியில் எம்.எஸ்சி., பிறகு கல்யாணம். யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை, யாரும் குழி பறிக்கவும் இல்லை. மரியஜான் சென்னைக்குப் போனான், பெங்களூர் போனான், அப்புறம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத இருபது வருடம்தான் முத்துநாயகம் வாழ்க்கையில் நன்றாகத் தூங்கிய காலம்.

பத்திரிகை வந்த நாலாம் மாதம் கடல் பொங்கியது. மணக்குடியில் மரியஜானின் அண்ணன் கிளீட்டஸ் அலையோடு போனார். செய்தி கேட்டு மரியஜான் பறந்து வந்தான். ஜனவரி இரண்டாம் வாரம் முத்துநாயகம் துக்கம் கேட்கப் போனார். கோயில் வளாகத்தில்தான் சனங்கள் தங்கியிருந்தார்கள். மரியஜான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய அண்டாவிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தான். “எவ்வளவு பெரிய ஆளு, பாத்தியளா, எப்படி நிக்காரு,” என்று ஒரு கிழவர் சொன்னது காதில் விழுந்ததும் முத்துநாயகத்துக்கு வயிறு எரிந்தது. சாவு வந்த இடத்தில் நின்றுகொண்டு ஒருவனுடைய கஞ்சிக் கரண்டியைப் பார்த்து எரிகிற வயிற்றை என்னவென்று சொல்வது. அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் எரிச்சல் அணையவில்லை.

மரியஜான் அவரைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவன், யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டான்.

“மக்கா, நீ இப்ப என்ன படிக்க?”

நாற்பத்து நான்கு வயது மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், வீடு கட்டியாச்சா என்று கேட்டிருந்தால் முத்துநாயகம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பார். என்ன படிக்கிறாய் என்றதும் நெஞ்சில் எங்கோ நகம் பட்டது. அவர் படிப்பது பிளஸ் டூ பாடப்புத்தகம், அதுவும் பதினைந்து வருடமாக ஒரே புத்தகம்.

“ஒனக்க பேப்பரத்தான் படிக்கேன்,” என்று சொல்லிவிட்டார்.

“எல்லாமா?”

“கிடைக்கத எல்லாம்.”

மரியஜான் அதை அப்படியே நம்பினான். முகமெல்லாம் மலர்ந்தது. “அப்ப தப்பு இருந்தா எனக்கு எழுதணும், கேட்டியா? அங்க உள்ளவனுவ எனக்கிட்ட தப்பு சொல்ல மாட்டானுவ. நீ சொல்லுவ.”

திரும்பி வருகிற பஸ்ஸில் முத்துநாயகத்துக்கு இந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் நின்றது. தப்பு இருந்தால். ஏன் இருக்கக் கூடாது? நாலாவது வந்தவன்தானே?

அப்படித்தான் அவர் படிக்கத் தொடங்கினார். அறிவுத் தாகம் என்று நாளைக்கு யாராவது எழுதினால் நம்பவேண்டாம். எதிரி வீட்டுச் சுவரில் விரிசல் தேடுகிறவனின் படிப்பு அது. சனிக்கிழமைதோறும் குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வடசேரியில் இறங்கி, மார்க்கெட்டுக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் மரியஜானின் பேப்பர்களைத் தேடி அச்செடுத்துக்கொண்டு வருவார். ஒவ்வொன்றையும் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் பார்ப்பார். நூற்று இருபது, நூற்று அறுபது, இருநூற்றுப் பத்து. அந்த எண் ஏறிய வாரம் ஓமனா வைக்கும் குழம்பில் உப்புக் கூடிவிடும்.

முதல் வருடம் ஒன்றும் புரியவில்லை. எம்.எஸ்சி. புத்தகங்களை மச்சிலிருந்து இறக்கினார். இரண்டாம் வருடம் பாதி புரிந்தது. ரப்பர் ஷீட் காய்கிற கொட்டகையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, அந்தப் புளித்த நாற்றத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். மூன்றாம் வருடம் ஒரு பேப்பரை வாசித்தபோது தன்னையறியாமல் “கொள்ளாம்லே” என்று பாராட்டிவிட்டார். சொன்னதற்கு அன்று முழுக்கத் தன்மேலேயே கோபமாக இருந்தார்.

“நிங்க எனக்க பேரச் சொன்னதவிட அந்த ஆளுக்க பேரத்தான் கூடச் சொல்லியிருக்கிய,” என்றாள் ஓமனா.

“அவன் நாலாவது வந்தவன்.”

“அதான் அறியுமே. நானும் நாலாயிரம் தடவ கேட்டாச்சு.”

2009-இல் விரிசல் கிடைத்தது. அச்சாகி இரண்டு வருடமான பேப்பர். அணு ஒளிவிடுகிறதா இல்லையா என்பதை ஒரு கருவி எண்ணும். அணுவே இல்லாவிட்டாலும் சுற்றியிருக்கும் வெளிச்சத்தால் அந்தக் கருவி கொஞ்சம் எண்ணும். அந்தக் கொஞ்சத்தைக் கடைசியில் கழிக்கவேண்டும். பிற்சேர்க்கையில், யாரும் திருப்பிப் பார்க்காத ஓர் அட்டவணையில், மரியஜான் அதைக் கூட்டியிருந்தான். உலகத்தில் எத்தனையோ மேதைகள் அந்தப் பேப்பரை வாசித்தார்கள். அவர்களுக்குச் சிக்கலான இடங்களில்தான் சந்தேகம் வரும். இவன் கழித்தலில் சறுக்குவான் என்று தெரிந்தவன் ஒரே மேசையில் இருந்தவன் மட்டும்தான்.

முத்துநாயகம் மூன்று முறை சரிபார்த்தார். பிறகு கொட்டகையைவிட்டு வெளியே வந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்று சத்தமாகச் சிரித்தார். பால் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அன்றைக்கே வடசேரி போய், மிக மரியாதையான ஆங்கிலத்தில், மிளகாய் தடவிய ஒரு கடிதம் அனுப்பினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இரண்டு மாதத்தில், அந்தப் பேப்பர் வந்த ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஒரு திருத்தம் வெளிவந்தது. முடிவுகள் மாறவில்லை, ஓர் எண் மட்டும் சிறியதானது என்று எழுதி, இதைச் சுட்டிக்காட்டிய குலசேகரம் பி. முத்துநாயகத்துக்கு நன்றி என்று மரியஜான் முடித்திருந்தான். எறும்பு அளவு எழுத்தில், மரியஜானின் பெயருக்குக் கீழே, அவருடைய பெயர். இயற்பியல் உலகத்தில் முத்துநாயகத்துக்குக் கிடைத்த ஒரே இடம் அவன் காலடியில் கிடைத்தது. ஆசிரியர் அறையில் கைதட்டி லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த லட்டு அவருக்கு இறங்கவில்லை.

அதோடு மரியஜான் விட்டானா என்றால் இல்லை. அச்சுக்குப் போகும் முன்பே ஒவ்வொரு பேப்பரையும் இவருக்கு அனுப்பத் தொடங்கினான். கூடவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஒரு வரி: ‘மக்கா, பாத்து சொல்லு.’ பார்த்தார். சொன்னார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, தப்பைக் கண்டால் கை அரிக்கும். நாலு வருடத்தில் ஒன்பது பேப்பர். ஒவ்வொன்றும் இவர் கைபட்டுப் பழுதில்லாமல் போய், அங்கே அவனுக்குப் பட்டமும் பரிசும் வாங்கிக் கொடுத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

2013 ஜூனில், மழை பிடித்த இரண்டாம் நாள், பத்தாவது வந்தது. இதற்குள் வீட்டிலேயே லேண்ட்லைனில் இண்டர்நெட் வந்துவிட்டது. முத்துநாயகம் மொபைல் மட்டும் வாங்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குகிற சாமானைத் தன் பையில் வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் கொள்கை.

மரியஜானின் வாழ்க்கையிலேயே பெரிய வேலை இது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. இந்த அணுக்களின் நிலை கண்மூடித் திறப்பதற்குள் கலைந்துவிடும், குவாண்டம் கணினிக்குப் பெரிய முட்டுக்கட்டை அதுதான். மரியஜான் ஏழு அணுக்களை ஒரே அணுபோல நடத்தி, ஒன்று கலைந்தாலும் மற்ற ஆறும் அதைத் தாங்கிப்பிடிக்கும்படி செய்திருந்தான். தனி அணுவைவிட அந்தக் கூட்டம் அதிக நேரம் தாக்குப்பிடித்தது. இப்படி யாரும் அதுவரை செய்து காட்டவில்லை. கூட வந்த வரி வழக்கத்தைவிட நீளம்: ‘மக்கா, இதே வேலையில இன்னொரு கூட்டம் எனக்க பொறத்தாலயே வருது. ஒரு வாரத்துல போட்டாவணும். பாத்து சொல்லு.’

முதல் நாளே முத்துநாயகம் தப்பைக் கண்டுவிட்டார். நானூறு முறை செய்த சோதனையில் நாற்பது முறை அணு ஒன்று பெட்டிக்குள்ளிருந்து நழுவிப்போயிருந்தது. அந்த நாற்பதைக் கணக்கிலேயே சேர்க்காமல் மீதிக்குச் சராசரி போட்டிருந்தான். ஒத்துவராத ரீடிங்கை வெட்டிவிட்டு நல்லதுக்கு மட்டும் சராசரி எடுப்பது அந்தக் காலத்தில் அவர்கள் மேசையின் பழக்கம்தான். நாற்பதையும் சேர்த்து முத்துநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். நேரம் குறைந்தது, ஆனாலும் சாதனை நின்றது. சேர்க்காமல் வெளியிட்டால், வேண்டுமென்றே மறைத்தான் என்று உலகம் காறித் துப்பும்.

நாலு வரி எழுதினால் போதும். எழுதவில்லை.

எழுதாமல் இருக்கும்போது ஒரு சுகம் இருந்தது, அதை மறைப்பானேன். ஒரு வாரத்தில் அவன் போட்டுவிடுவான். பிறகு பார்க்கலாம் வேடிக்கையை. இரண்டாம் நாள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். ஐந்தாம் நாள் மழையில் ரப்பர் மரம் ஒன்று முறிந்து தொலைபேசிக் கம்பிமேல் விழுந்தது. லைன் செத்தது. நல்லதாகப் போயிற்று, கேட்டால் லைன் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஏழாம் நாள் கடந்தது. இந்நேரம் போட்டிருப்பான், யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று கொட்டகையில் உட்கார்ந்து மனத்தில் ஓட்டிப் பார்த்தார். பெரிய மண்டபம், கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள், நடுவில் மரியஜான். எழுந்து ஒருவன் அந்த நாற்பதைப் பற்றிக் கேட்கிறான். மண்டபம் சிரிக்கிறது. இந்த இடத்தில் முத்துநாயகத்துக்கு இனித்திருக்க வேண்டும். அவருக்கோ அந்தச் சிரித்தவன்மேல் ஆத்திரம் வந்தது. எங்க மேசைப் பயலைப் பாத்துச் சிரிக்க நீ யாருலே? அவனைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை ஒருத்தனுக்குத்தான் உண்டு, அவன் குலசேகரத்தில் இருக்கிறான். போதாக்குறைக்கு, பேப்பரின் கடைசியில், முழுவதும் வாசித்துத் திருத்தியவர் என்று இவர் பெயர் வேறு இருந்தது. முத்துநாயகத்தின் கண்ணுக்கு நாற்பது ரீடிங் தப்பியதாம் என்று நாளைக்கு எவனாவது சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது.

மூன்று நாள் இப்படிப் புழுங்கிவிட்டுப் பதினோராம் நாள் கொட்டுகிற மழையில் குலசேகரம் சந்திப்புக்குப் போய், ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து அந்த நாலு வரியை அடித்தார். வேறு எதையும் திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. அனுப்பிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

இரண்டு நாள் கழித்து லைன் வந்தது. மரியஜானின் பதில் காத்திருந்தது.

‘மக்கா, நீ எழுதினது கிட்டிச்சு. அந்த நாப்பதயும் நான் மூணாம் நாளே கண்டு திருத்தி வச்சுட்டேன். ஒனக்கிட்டயிருந்து ஒண்ணும் வரல்லன்னதும் ஒடம்புக்கு ஏதோன்னு பயந்துட்டேன். போன் அடிச்சா போவல்ல. நீ பாக்காம போட மனசு வரல்ல. எல்லாரும் வந்து ஆளு தெகையாம வள்ளம் எறக்கப்பிடாதுன்னு எங்கப்பா சொல்லும். ஒம்பதாம் நாளு மத்தவனுவ போட்டுட்டானுவ. இனி நாம ரெண்டாவதுதான். போட்டும், என்ன செய்ய. ஒனக்கு சொகந்தானே?’

முத்துநாயகம் இதை எத்தனை முறை வாசித்தார் என்று தெரியவில்லை. ஓமனா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னவாக்கும் எழுதியிருக்கு?”

“மரியஜான் ரெண்டாவது ஆயிட்டான்.”

“பின்ன என்ன? நிங்க ஆசப்பட்டது இதுதானே. ஏன் மொகம் இப்படி இருக்கு?”

அவர் திரும்பவும் திரையைப் பார்த்தார். ஒன்பது வருடம் எரிந்த வயிறு இப்போதும் எரிந்தது, ஆனால் வேறு மாதிரி எரிந்தது. ‘நாம’ என்று எழுதியிருக்கிறானே பாவி. நாம ரெண்டாவது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக முத்துநாயகம் தன்னைத்தானே வெறுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து பதில் அடிக்கத் தொடங்கினார். காய்ச்சலாகக் கிடந்தேன் என்று முதலில் அடித்தார். அதை அழித்தார். லைன் செத்துப்போச்சு என்று அடித்தார். அதையும் அழித்தார். கடைசியில் இப்படிப் போயிற்று: ‘எனக்கு ஒரு கேடும் இல்ல. மொத நாளே கண்டேன். சொல்ல மனசில்லாம வச்சிருந்தேன். நீ தோக்கணும்னு இருந்தேன்.’ கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

இரவு முழுக்க அவன் என்னவெல்லாம் திட்டுவான் என்று யோசித்துக்கொண்டு கிடந்தார். மணக்குடிக்காரன் வசவுக்குப் பஞ்சமில்லாதவன். துரோகி என்பான், நன்றிகெட்டவன் என்பான், இனிமேல் முகத்தில் முழிக்காதே என்பான். ஒவ்வொன்றுக்கும் அவர் மனத்துக்குள் தலையைக் குனிந்து வைத்தார். திட்டினால் கணக்குத் தீர்ந்துவிடும். நீயும் அப்படி ஒன்றும் யோக்கியன் இல்லை என்று பிறகு நிம்மதியாக இருக்கலாம்.

காலையில் பதில் வந்திருந்தது. ‘ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்லா, அது போரும் மக்கா. நான் என்னத்தயோ நெனச்சு ரெண்டு நாளு ஒறங்கல்ல. அடுத்த பேப்பர் ஓணத்துக்குள்ள அனுப்புவேன். பாத்து சொல்லு.’

வேறு ஒரு வார்த்தை இல்லை. முத்துநாயகம் திரையை மேலே கீழே நகர்த்தி, எங்காவது ஒரு வசவு ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஓமனா கட்டஞ்சாயாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எட்டிப்பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“நல்ல மனுஷன்,” என்றாள்.

“ஆமா,” என்றார் அவர், கையை எடுக்காமலே. “இந்த ஒண்ணுலயாவது எனக்க பொறத்தால வந்திருக்கலாம்லா, அந்தப் பய.”

ஓமனா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.